சூடு சாமைக்கா, புளிக்கா?

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், சின்னசேலத்துக்குப் பக்கத்தில் நடந்தது இது. அன்று எனக்கு வந்த எரிச்சலை நினைத்தால் இப்போதும் தலை சூடாகிறது.

நான் ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவள். அங்கே ஒரு தனியார் கிடங்கில் புது ஏற்பாடு செய்திருந்தார்கள். சோளக்கட்டையை எரித்து எடுக்கும் வாயுவில் ஒரு எஞ்சின் ஓடும், அது கரண்ட் கொடுக்கும். எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூட்டை வீணாக்காமல் ஒரு பங்கைத் தானியம் காயவைக்கிற டிரையருக்கும், இன்னொரு பங்கைக் குளிரறைக்கும் அனுப்ப வேண்டும். சூட்டைக் கொடுத்தால் குளிர் எப்படி வரும் என்று கேட்பீர்கள். சூட்டில் ஓடிக் குளிர் தருகிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. எந்த நேரத்தில் எதற்கு எவ்வளவு சூடு என்று முடிவு செய்வது என் புரோகிராம். அந்த ஆலையை அப்படியே கணக்காக்கி, கம்ப்யூட்டருக்குள் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

ஆனால் கம்ப்யூட்டருக்குள் குளிரறை சூப்பர்வைசர் கிடையாது. டிரையர் ஆப்பரேட்டரும் கிடையாது. இங்கே நான் டீ குடிக்கப் போனால் போதும், ஒருவர் வந்து என் புரோகிராமை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவலு'க்கு மாற்றி, சூட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் திரும்பி வந்து சரிசெய்தால், இன்னொருவர் வந்து திருப்புவார். கேட்டால் இருவரும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பார்கள்.

அன்று காலை கல்வராயன் மலையிலிருந்து வேன்கள் வந்து நின்றன. அறுவடை செய்த சாமை முழுக்க நனைந்திருந்தது. கூட வந்த ஒரு அம்மா மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உள்ள சுடுதுங்க மேடம். இன்னிக்கே காயலன்னா மொளச்சிடும். வருசம் பூரா எங்களுக்கு இதான்" என்றார்.

அதே நேரம் குளிரறை நிறையப் புளி. பெரும்பாலும் ஒரே வியாபாரியுடையது. சூடேறினால் கறுத்துவிடும். போதாததற்கு மழையில் ஊர் கரண்டும் நின்றுபோனது. எஞ்சின் தன்னால் முடிந்ததை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது; அந்தச் சூடு ஒரே நேரத்தில் இரண்டுக்கும் போதாது. ஊருக்குப் போயிருந்த முதலாளி போனில், "என்ன பண்ணுவீங்களோ, ரெண்டும் நடக்கணும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

என் கணக்கு தெளிவாகச் சொன்னது. புளி அவ்வளவும் குளிர்ந்து கிடக்கிறது. கதவைத் திறக்காமல் வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும். அதுவரை சூடு மொத்தத்தையும் சாமைக்குக் கொடுக்கலாம்.

அப்படியே மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் குளிரறையில் சூடு கணக்கை மீறி ஏற ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சூப்பர்வைசர் கதவை விரியத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்!

"எதுக்குங்க தொறந்தீங்க?"

"சூடாவுதான்னு பாத்துக்கினு இருக்கேன் மேடம்."

"நீங்க தொறக்கறதாலதாங்க சூடாவுது!"

"அதான் சூடாவுதான்னு பாக்கறேன்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் மூடுவேன், அவர் திறப்பார். கடைசியில், "பாய் வந்து கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்று கத்தியவர், அந்தப் புளி வியாபாரிக்குப் போன் போட்டே விட்டார்.

மழையில் நனைந்தபடி பாய் வந்து இறங்கினார். எனக்கு முன்பின் தெரியாதவர். சூப்பர்வைசர் கொட்டித் தீர்த்ததையும், நான் லேப்டாப்பில் வரைபடக் கோடுகளைக் காட்டி விளக்கியதையும் பொறுமையாகக் கேட்டார். கோடுகளை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. வெளியே வேன் பக்கத்தில் மூட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்த அந்த மலை அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் திரும்பி, "சொல்லும்மா, இது உன் சரக்கா இருந்தா இன்னா பண்ணுவே?" என்றார்.

நிஜமான குளிரறையில் நான் இதைச் செய்து பார்த்ததே இல்லை. ஆனாலும், "மூடித்தாங்க வெப்பேன்" என்றேன்.

"அப்ப மூடிடு."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு அங்கேயே. தொழுகைக்கு எழுந்தபோதும் கதவுக்கு எதிரிலேயே விரிப்பைப் போட்டார். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தாலே, "போப்பா, போய் வேலையப் பாரு" என்பார். அவர் அங்கே இருந்ததால் யாரும் மேனுவல் பக்கமும் போகவில்லை.

சாயங்காலம் சாமை காய்ந்து வந்தது. அந்த அம்மா ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். 'டக்'கென்று உடைந்தது. அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. அதன்பிறகு சூட்டைக் குளிரறைக்குத் திருப்பினேன்.

பாய் எழுந்து உள்ளே போனார். என் கணக்கைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சூடேறியிருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்து, துளி புளியை வாயில் போட்டுச் சப்பியவர், "கறுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சூப்பர்வைசர் விடவில்லை. "காலைல நான் அடிக்கடி பாத்துக்கினதால தப்பிச்சுது மேடம்" என்றார். நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

கோடுகளைக் காட்டி எத்தனையோ பேரைத் தலையாட்ட வைத்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் இழக்க ஒன்றும் இருந்ததில்லை. இன்றும் எந்த ஆலையிலாவது "இப்படி ஓட்டுங்கள்" என்று சொல்ல வாய் திறக்கும் முன், உள்ளே இருப்பது என் சரக்காக இருந்தால் இதையே சொல்வேனா என்று ஒரு நிமிடம் நின்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.