மிஸ்ஸி சொன்ன "என்ன"

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்த நாள் முதல் சிங்களம் படிக்க ஆசை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். பக்கத்தில் பாமன்கடை என்ற இடத்தில் வகுப்புக்கும் போனேன். சொற்களைப் பாடமாக்கிப் பாடமாக்கி அலுப்பு வந்து, ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவேன்.

போன வருடம் என் கணவருக்குத் திடீரென்று நெஞ்சு நோ. ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். அவர் வழக்கமாக எடுக்கும் மருந்துக் குளிசைகள் இருந்த பையோடு நான் வெளியே தவித்துக்கொண்டு நின்றேன். கதவுக்கு உள்ளேயிருந்து நர்ஸ் மிஸ்ஸி, "அம்மா, என்ன" என்றார்.

"ஒண்டுமில்லை, மிஸ்ஸி" என்றேன்.

திரும்பவும் "என்ன, என்ன" என்று சத்தம் வந்தது. ஏசுகிறார் என்று பயந்து, தள்ளிப்போய் வாங்கில் அமர்ந்து தேவாரம் முணுமுணுத்தேன்.

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண், "அக்கா, போகேல்லையோ? உங்களை வரச் சொல்லுறா" என்றார்.

"என்ன எண்டல்லோ கேட்டவ?"

"சிங்களத்தில என்ன எண்டால் வாங்கோ, அக்கா."

ஓடினேன். கணவர் என்ன குளிசை எடுக்கிறார் என்று தெரியாமல் டொக்டர் மருந்து கொடுக்க யோசித்துக்கொண்டு நின்றார். என் பையைப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். கடவுள் காப்பாற்றினார்.

அந்த ஒரு சொல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. இப்படி இன்னும் எத்தனை இருக்குமோ? இப்போது வெறுமனே பாடமாக்குவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் எங்கே, யாருக்கு, எப்படிச் சொல்வது என்று மரக்கறிக் கடையிலும் மேல்வீட்டுச் சிங்கள நோனாவிடமும் கேட்டுத் துளைக்கிறேன். அறிய அறிய ஆசை கூடுகிறது. இந்த முறை வகுப்பையும் விடவில்லை.

நோனா வாசலுக்கு வந்தால், "என்ன, என்ன" என்று நானே கூப்பிடுகிறேன். உள்ளேயிருந்து என் கணவர், "ஒண்டுமில்லை, மிஸ்ஸி" என்பார்.