என் வானும் றஹீமா ராத்தாவும்

ஆண்டவர் தந்த இந்த வான் வண்டி ஆண்டவருக்கே என்று கல்முனையில் எங்கள் சர்ச்சில் சாட்சி சொன்னவன் நான். அடுத்த கிழமையே பக்கத்து வீட்டு றஹீமா ராத்தா வந்து, தன் கணவரை டயலிசிஸுக்கு அக்கரைப்பற்று வரை கூட்டிப் போக முடியுமா என்று கேட்டா. ஓம் என்றேன்.

கிழமைக்கு இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் அரைநாள் காத்துக் கிடக்க வேண்டும். மூன்றாம் கிழமைக்குள் எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. அப்படி ஒருநாள் திரும்பி வரும்போது அவர் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

"சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பனே ராத்தா. இப்பதான் புதுக் கவர் போட்ட நான்."

ராத்தா தன் முந்தானையாலேயே துடைத்தா. அவர் கண்ணை மூடியபடி, "மன்னிச்சிக்கங்க தம்பி" என்றார். அப்போதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

அடுத்த முறை அவர்கள் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ராத்தா ஓட்டோவில் கணவரின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தா. ஓடிப்போய், "வான்ல போவம், ஏறுங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. உங்களுக்கு ஏன் கரைச்சல்?" கோபமே இல்லாமல் சொன்னா. ஓட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது.

கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கையால் கொடுத்ததையெல்லாம் முகத்தால் திருப்பி எடுத்திருக்கிறேன். என்னை வைத்துக்கொண்டு ஆண்டவர் என்னதான் செய்வாரோ.