கோரமங்களாவில் நான் எழுதிய சீட்டு

வீட்டுச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் சமையல் பதிவர்களின் சந்திப்புக்காக, 2007 நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு பெங்களூர் போய்வந்தேன். இது அந்தப் பயணத்தின் குறிப்பு. பதினோரு வாரம் தாமதம்.

சோம்பல் காரணமில்லை. அந்தச் சந்திப்பைப் பற்றி ஏற்கெனவே மூன்று பதிவுகள் வந்துவிட்டன. மூன்றிலும், கௌதமி என்ற பெண் வந்தவர்களை ஏமாற்றிச் சாப்பிட வைத்தாள் என்று எழுதியிருக்கிறது. அவள் ஏமாற்றவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லாமல் இருந்தேன்.

கௌதமி என் வயதுக்காரி. பெங்களூர் பொம்மசந்திராவில் மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஈஜிபுராவில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டருக்குப் போய் என் தளத்தில் பின்னூட்டம் இடுவாள். ஆங்கில எழுத்தில் தமிழ். குழம்பில் உப்பு கூடினால் என்ன செய்வது, காலை நான்கரைக்குக் கட்டும் சோறு மதியம் வரை கட்டியாகாமல் இருக்க என்ன வழி, ஒரே அடுப்பில் மூன்று வேலை முடிப்பது எப்படி என்றெல்லாம் சொல்லித்தருவாள். நான் படித்த சமையல் புத்தகங்களில் இவை இல்லை. இரண்டு வருடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். பார்த்ததில்லை.

கோரமங்களாவில் இருக்கும் உஷா என்ற பதிவர் சந்திப்பை அறிவித்தார். அன்றாடச் சாப்பாடு மட்டும், பண்டிகைப் பலகாரம் வேண்டாம், உங்கள் வீட்டில் நேற்று என்ன குழம்போ அதையே கொண்டுவாருங்கள். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. என் தளத்திலும் எடுத்துப் போட்டேன். கௌதமியை வற்புறுத்தினேன்.

"எங்க வீட்டு சாப்பாடு அவங்களுக்கு ஒத்துவருமா பா?" என்று கேட்டிருந்தாள்.

ஒத்துவராவிட்டால் சந்திப்பே எதற்கு என்று பதில் எழுதினேன். எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம்.

சென்னை சென்ட்ரலில் காலை 7.15 ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை, முன்பதிவோடு 105 ரூபாய். இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்காதீர்கள், வெயில். காட்பாடி தாண்டும் வரை வரும் இட்லியைத் தொட வேண்டாம். கையில் தயிர்சாதம் இருந்தது. கடைசி நிறுத்தம் வரை போகாமல் கன்டோன்மென்ட்டில் இறங்கிவிடுங்கள். ஊரின் கிழக்குப் பக்கம் போகிறவர்களுக்கு அரை மணி நேரம் மிச்சம். நான் இறங்கியபோது ஒன்று பத்து.

கௌதமி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். மஞ்சள் சுடிதார், கையில் மடித்த துணிப்பை. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"தீபாதானே? போட்டோல இன்னும் கொஞ்சம் சதை இருந்துச்சே. உன் சமையலையே நீ துண்ணுறதில்லயா?"

ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் கன்னடத்தில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்தார்.

"ஆஸ்டின் டவுனா? மேல பத்து ரூபா போட்டுக் குடுங்கக்கா, ரிட்டர்ன் சவாரி கிடைக்காது."

"ஆஸ்டின் டவுன்ல சவாரி கிடைக்காதா? யார்கிட்ட அண்ணா கதை விடுற? நான் அங்கயே பொறந்தவ. மீட்டர் போடு."

மீட்டர் போட்டார். ஐந்தரை கிலோமீட்டர், 33 ரூபாய்.

ஆஸ்டின் டவுனில் அவளுடைய அம்மா வீடு. சுவரில் புத்தர் படம். அதன் கீழே கேஸ் பில் சொருகிய ஆணி. மொட்டை மாடியில் கயிறு கட்டி இறைச்சியைக் கீற்றுக் கீற்றாகக் காயப் போட்டிருந்தார்கள். மஞ்சளும் உப்பும் தடவிய மாட்டிறைச்சி. உப்புக்கண்டம். நான்கு நாள் வெயில். ஈஜிபுரா வீட்டுச் சொந்தக்காரர் மாடியில் துணியைத் தவிர எதையும் காயப் போட விடமாட்டார் என்பதால் அம்மா வீட்டில்.

"மெட்ராஸ் பொண்ணு மாடு துண்ணுமாடி?" என்று அம்மா கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம்.

"துண்ணும்மா. படிச்ச பொண்ணு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும். ஒரு துண்டை வறுத்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததைவிட, சாப்பிட்டேன் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. குறிப்பேட்டில் அதை முதலில் எழுதினேன். பெருமைப்படும் அளவுக்கு அது எனக்கு ஒரு காரியமாக இருந்திருக்கிறது. அப்போது அது உறைக்கவில்லை.

அங்கிருந்து ஈஜிபுரா மூன்று கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் நான்கு ரூபாய். இரண்டாவது மாடியில் ஒரு அறை, தடுத்த சமையலறை. கணவர் லாரியில் ஹூப்ளிக்குப் போயிருந்தார். எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவள் தரையில் படுத்தாள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு உப்புக்கண்டமும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். ஞாயிறு ஓவர்டைம் உண்டு, விட்டுவிட்டாள். எவர்சில்வர் தூக்கு ஒன்று நிறைய. மேலே துண்டைக் கட்டினாள்.

ஈஜிபுராவிலிருந்து உஷாவின் அடுக்ககம் நடக்கிற தூரம்தான், பதினெட்டு நிமிடம். சாக்கடை ஓரமாகப் போய் ஒரு முனையில் திரும்பினால் சாலை திடீரென்று அகலமாகி மரம் வந்துவிடும். லிஃப்டில் ஏறும்போது கேட்டாள்.

"சீட்டெல்லாம் நீதானே எழுதப் போற?"

ஆமாம், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உஷா சொல்லியிருந்தார்.

"மாட்டுக்கறின்னு தெளிவா எழுதிடு பா. தெரியாம யாராச்சும் துண்ணுடப் போறாங்க. பாவம்."

சரி என்றேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் சைவம். பால்கனியில் இன்னொரு மேஜை, மற்றதற்கு. முட்டைக் குழம்பு, கோழி வறுவல், நெத்திலி. ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். கௌதமி உள்ளே வெங்காயம் நறுக்கப் போயிருந்தாள். கூப்பிடாமலே போய் நறுக்குகிற பழக்கம்.

நான் எழுதினேன்: உப்புக்கண்டம், கத்திரிக்காய்க் குழம்பு, கௌதமி.

அடுத்த வார்த்தையை எழுதுவதற்குள் உஷா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஐ, உப்புக்கண்டமா? மட்டன்தானே?"

பேனா நின்றது. மூன்று நொடி இருக்கலாம். இந்தத் தூக்கு அப்படியே திரும்பிப் போகும் என்று நினைத்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்குவதை நினைத்தேன். அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் கூட்டிவந்தவள் நான் என்பதையும் நினைத்திருக்கிறேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடைப்புக்குறிக்குள் 'மட்டன்' என்று எழுதினேன்.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. பயனுள்ளவை சில: பெங்களூர் குளிரில் இட்லி மாவு பொங்காவிட்டால் பாத்திரத்துக்குப் பழைய ஸ்வெட்டர் போடலாம், உஷா போடுகிறார். குக்கரில் பருப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை விசில் வழியாக வராது. கறிவேப்பிலையைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் பத்து நாள். ஓசூரிலிருந்து வந்த சேகர் சொன்னது அது. வங்கியில் வேலை, நல்ல மனிதர், யாருடைய சமையலையும் குறை சொல்லாதவர். உப்புக்கண்டக் குழம்பை மூன்று தடவை போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை கௌதமியைத் தேடிவந்தார்.

"ஏம்மா, இந்த மட்டன் எந்தக் கடையில வாங்கினது? எங்க ஊர்ல இந்த ருசி வரவே வராது."

"மட்டனா? மாடு ஸார். சீட்டுல போட்டிருக்குமே."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே.

சேகர் கையிலிருந்த தட்டைச் சுவரோரம் வைத்தார். வாஷ்பேசினுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வாயைக் கொப்பளித்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது கோபப்படவில்லை. அதுதான் மோசம்.

"எங்க வீட்ல மாட்டைக் கும்பிடுவோம்மா. எங்கம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

யாரோ சீட்டை எடுத்துவந்தார்கள். உஷா படித்தார்.

"மட்டன்னு எழுதியிருக்கே. இது என்னங்க நியாயம்? சொல்லிட்டு வைக்கலாமே. சொல்லாம ஊட்டறதா?"

"பேரு மட்டும் புத்தர் பேரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கௌதமி சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

"தீபா. நான் உங்கிட்ட இன்னா சொன்னேன்? சொல்லு பா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு வாக்கியம் போதும். அது வாயில் தயாராக இருந்தது.

"உப்புக்கண்டம்னு சொன்னீங்க," என்றேன்.

பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத வாக்கியம். அதுவரை அவளை நீ என்றே கூப்பிட்டுவந்தேன். அந்த இடத்தில் நீங்க ஆனாள்.

அவள் மேஜைக்குப் போனாள். தூக்கை மூடினாள். துண்டைக் கட்டினாள். முடிச்சு ஒருமுறை நழுவியது, மறுபடி கட்டினாள். சேகரிடம் போய் நின்றாள்.

"ஸார், தெரிஞ்சு செய்யல. உங்க அம்மாகிட்ட நான் வேணா வந்து சொல்றேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். கேட் அருகில் பிடித்தேன். ஏதோ சொன்னேன், உனக்காகத்தான் என்பது போல.

"எனக்காகவா? நான் கேட்டனா? யாரும் தொடலன்னா நான் எடுத்துக்கினு போயி ராத்திரிக்கு துண்ணுட்டுப் போறேன். எனக்கு இன்னா நஷ்டம்? நீ வெக்கப்பட்ட. அது கூட பரவால்ல, பாத்திருக்கேன். அந்த மனுஷனுக்கு நீ தெரியாம ஊட்டின பாரு. அதை என் கையால ஊட்டின."

செக்யூரிட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பை என் வூட்ல கீது. வந்து எடுத்துக்கோ. பேசாத."

பதினெட்டு நிமிடம் நடந்தோம். பையைக் கதவருகே வைத்தாள். நான் எடுத்துக்கொண்டேன். மெஜஸ்டிக்குக்கு நகரப் பேருந்து, 9 ரூபாய், ஞாயிறு மாலையிலும் ஐம்பது நிமிடம் ஆனது. சென்னைப் பேருந்தில் 230 ரூபாய். ஜன்னல் இருக்கை.

பிறகு உஷாவின் பதிவு வந்தது. அதன் பிறகு இன்னும் இரண்டு. பின்னூட்டங்களில் அவளை என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். ஒவ்வொன்றையும் படித்தேன். ஒன்றில் 'தீபா பாவம், அவங்களையும் ஏமாத்திட்டாங்க' என்று இருந்தது. அதற்கும் பதில் போடவில்லை. பதினோரு வாரம் என்பது இதுதான்.

உண்மை இவ்வளவு: தன் குழம்பில் என்ன இருக்கிறது என்று கௌதமி தெளிவாகச் சொன்னாள், சீட்டில் எழுதவும் சொன்னாள். எழுதாமல் விட்டதும், வேறொன்றை எழுதியதும், கேட்டபோது மறைத்ததும் நான். மூன்று பதிவர்களும் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேகருக்குத் தனியாகக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் நான் இல்லை.

இப்படிப்பட்ட சந்திப்புகளுக்குப் போகிறவர்களுக்குச் சில. கன்டோன்மென்ட்டில் இறங்குங்கள். நவம்பரில் ஸ்வெட்டர் வேண்டும், மாவுக்கும் உங்களுக்கும். குழம்பை எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கில் மூடி கழன்றுகொள்ளும். சமைத்தவரே சீட்டை எழுதட்டும். கையெழுத்து எப்படி இருந்தாலும். இன்னொருவரின் சாப்பாட்டைச் சபைக்குப் பக்குவப்படுத்தித் தர நினைப்பவர் சமையலறைப் பக்கமே வராமல் இருப்பது நல்லது. என்னைத்தான் சொல்கிறேன்.

வெளியிடுவதற்கு முன்னால் இதைக் கௌதமிக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. எப்போதும் போல ஆங்கில எழுத்தில் தமிழ்.

"போட்டுக்கோ. எனக்கு மன்னிப்பு எல்லாம் வேணாம். எங்க வூட்டு சமையல் எதுவும் உன் சைட்டுல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துடு."

அவள் பெயரோடு பத்தொன்பது குறிப்புகள் இருந்தன. பெயர் போடாமல், நானே கண்டுபிடித்ததுபோல எழுதியவை ஆறு. இருபத்தைந்தையும் இன்று காலை நீக்கிவிட்டேன். தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பக்கங்கள் வெறுமையாகத் தெரியும். தளத்தில் பழுது எதுவும் இல்லை.