ஷெர்லின் ஏன் ஊதிக் காட்டுவதில்லை

தீவின் மரைன் ஹில் பகுதியில் ஷெர்லின் குடியிருக்கும் மாடி வீட்டிலிருந்து வாரத்தில் ஐந்து சாயங்காலம் ட்ரம்பெட் சத்தம் கேட்கும். அதில் ஒரு சுரம்கூட ஷெர்லின் ஊதியது இல்லை. அவள் பக்கத்தில் நின்று திருத்துவாள், விரலால் தாளம் போடுவாள், தேவைப்பட்டால் வாயால் பாடிக் காட்டுவாள். அவளுடைய சொந்த ட்ரம்பெட் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் பூட்டிக் கிடந்தது. எட்டு வருஷமாக இதுதான் நடைமுறை. யாரும் கேட்டதில்லை, உமா மகேஸ்வரி வரும்வரை.

உமா மகேஸ்வரி கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம், பிறந்ததெல்லாம் தீவில், பேச்சில் இந்தி கலந்து வரும். அவசரச் சீட்டு கேட்டுப் போலி மருத்துவச் சான்றிதழோடு வருகிற ஆட்களைப் பத்து வருஷமாகப் பார்த்துப் பழகிய கண்கள். குடியரசு தின அணிவகுப்பில் போலீஸ் பேண்டைக் கேட்டதிலிருந்து ஆசை பிடித்து, முப்பத்தெட்டு வயதில் ட்ரம்பெட் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள்.

"மேடம், ஒரு தடவை நீங்க ஊதிக் காட்டுங்களேன். மத்லப், எப்படி வரணும்னு காதுல விழுந்தா எனக்கும் ஈஸியா இருக்கும்."

"என் சத்தம் உங்க காதுல ஏறிட்டா உங்க சத்தம் வெளிய வராது. அடுத்த வரியைப் பாருங்க."

உமா "அச்சா" என்று மட்டும் சொன்னாள். அந்த 'அச்சா' ஷெர்லினுக்குப் பிடிக்கவில்லை. இவள் யாரிடமோ விசாரித்திருக்கிறாள், சென்னைக்குப் போன் போட்டிருக்கிறாள் என்று தோன்றியது. அன்றைக்கு உமா போனபிறகு, அவள் நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதைக்கூட, மறதியா வேண்டுமென்றே வைத்தாளா என்று ஷெர்லின் கொஞ்சநேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி யோசிக்கிற பழக்கம் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. அப்பா அடைக்கலசாமி தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே ஜங்லிகாட் படகுத்துறையில் எஞ்சின் ரிப்பேர் பார்த்தவர். மகள் பதின்மூன்று வயதில் மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் எடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கப்பலேறிச் சென்னைக்குப் போனாள். இருபத்துநாலு வயதில் அங்கே ஒரு சிம்பொனி இசைக்குழுவில் இரண்டாம் ட்ரம்பெட் இடம் கிடைத்தது. காலையில் பள்ளிக்கூடங்களில் பித்தளை வாத்தியம் சொல்லிக் கொடுப்பாள், மத்தியானம் ஒத்திகை. பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது.

முதல் ட்ரம்பெட் பொன்னுத்துரை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் தூத்துக்குடிக்காரர். அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்பதற்காகவே அவர் பக்கத்தில் சாப்பிட உட்காருவாள்.

பதினோராவது வருஷம் அவளுடைய சத்தத்தில் ஏதோ மாறியது. நடு ஸ்தாயியில் ஒரே ஒரு சுரம், நீட்டிப் பிடித்தால் ஓரத்தில் காற்றுக் கசிகிற மாதிரி. வலி இல்லை, காயம் இல்லை. உதட்டில் பொருத்தி ஊதும் மவுத்பீஸில்தான் கோளாறு என்று நினைத்தாள். அந்தச் சமயத்தில் ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் திரும்பி வந்தபோது, பொன்னுத்துரை அவளுடைய மவுத்பீஸை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பார்த்தேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. மவுத்பீஸை மாற்றிவிடுவாரோ என்று அதன் அடியில் நகப்பாலிஷால் பொட்டு வைத்தாள். பெட்டிக்குப் பூட்டு வாங்கினாள். அவர் இருமினால்கூடத் தன்னைக் குழப்பத்தான் என்று பட்டது. புது மவுத்பீஸ் வாங்கினாள். நாலு நாள் சரியாக இருந்தது, ஐந்தாம் நாள் மறுபடி கசிவு. அதுவும் அவர் தொட்டதனால்தான் என்று கணக்குப் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து நடத்துநர் ஒரு கச்சேரியின் இரண்டாம் பாதியில் வரும் நீண்ட தனி வாசிப்பைப் பொன்னுத்துரையிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அவர் "நல்லா வாசி" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

கச்சேரி இடைவேளையில் ட்ரம்பெட்டை அறையில் வைத்துவிட்டு ஷெர்லின் முகம் கழுவப் போனாள். மேடைக்குத் திரும்பித் தனி வாசிப்புக்கு எழுந்து ஊதினால், காற்று உள்ளேயே போகவில்லை. அடைத்துக்கொண்டது. அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நின்றாள். பொன்னுத்துரை உட்கார்ந்தபடியே அவளுடைய பகுதியை எடுத்து வாசித்து முடித்தார்.

அப்புறம் பிரித்துப் பார்த்தால், விரலால் அழுத்துகிற மூன்று பிஸ்டன்களில் ஒன்றாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் இடம் மாறியிருந்தன. மாறினால் காற்று போகிற வழி அடைபட்டுவிடும். இது வாத்தியம் தொட்ட எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "நீங்கதானே மாத்தி வச்சது?"

பொன்னுத்துரை அவளையே பார்த்தார். "இடைவேளையில நீதானம்மா அதைக் கழட்டி எண்ணெய் போட்டே. அவசரத்துல மாட்டினே, நான் பார்த்தேன்."

எண்ணெய் போட்டது உண்மை. ஆனால் போட்டுவிட்டுச் சரியாகத்தான் வைத்தோம் என்று அவளுக்கு நிச்சயம். யாரும் அவள் பக்கம் பேசவில்லை. அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள்.

ஊரில் பொன்னுத்துரை இல்லை, பெட்டியைத் திறக்க ஆளில்லை. அப்படியும் அந்தச் சுரம் கசிந்தது. கசிவு பக்கத்துச் சுரங்களுக்கும் பரவியது. ஆறு மாதம் கழித்து வேலூருக்குப் போய்க் காட்டினபோது டாக்டர், உதட்டுத் தசைக்குப் போகிற மூளைக் கட்டளையே குழம்பிவிட்டது, ஊதும்போது மட்டும்தான் வரும், முழுக்கச் சரியாவது கஷ்டம் என்றார். வியாதிக்கு டிஸ்டோனியா என்று பெயர். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை ட்ரம்பெட் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அப்பா இறக்கும்வரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த வருஷம் உமா ட்ரம்பெட் ஐந்தாம் நிலைத் தேர்வுக்கு எழுதிப் போட்டாள். மெயின்லாண்டிலிருந்து தேர்வாளர் வருவார். அனுமதிச் சீட்டில் அவர் பெயரை ஷெர்லின் இரண்டு தடவை படித்தாள். பொன்னுத்துரை.

"நீங்க இந்தத் தடவை எழுத வேண்டாம் உமா."

"ஏன்?"

"இன்னும் தயாராகல."

"போன வாரம் பக்கா தயார்னு சொன்னீங்க." உமா ட்ரம்பெட்டை மடியில் வைத்தாள். "மேடம், கவுண்டர்ல தினம் நூறு பேர் எங்கிட்ட எதையாவது மறைச்சுப் பேசுறாங்க. நீங்களும் மறைக்கிறீங்க. என்னன்னு தெரியாது. பரீட்சை நான் எழுதத்தான் போறேன்."

அபர்டீன் பஜார் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் தேர்வு. ஷெர்லின் வராந்தாவில் நின்றுகொண்டாள். உள்ளே உமா வாசிப்பதைவிட, பொன்னுத்துரை என்ன செய்கிறார் என்பதைத்தான் அவள் காது தேடியது. பாதியில் நிறுத்துவாரா, வேண்டுமென்றே கடினமானதைக் கேட்பாரா? அப்படி எதுவும் நடக்கவில்லை.

எல்லோரும் முடித்துப் போனபின் அவர் வெளியே வந்தார். முடி பூராவும் நரைத்திருந்தது.

"உதடுதானே?" என்றார், நலம் விசாரிக்காமல்.

"யார் சொன்னா?" என்றாள்.

"பக்கத்துல உக்காந்தவன் நான். நீ கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுச்சு. விளிம்புல கீறல் இருக்குமோன்னு உன் மவுத்பீஸை எடுத்துப் பார்த்தேன். அது சுத்தமா இருந்துச்சு. அப்பவே விளங்கிட்டு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா, உன் இடத்துக்கு என் ஆளைக் கொண்டுவரப் பார்க்கிறேன்னு சொல்லுவே. நீ எல்லாத்தையும் பூட்ட ஆரம்பிச்சிருந்தே. எனக்கும் உன்னைக் கண்டா பயம் வந்துட்டு."

"பிஸ்டன்?"

"நான் தொடல. ஆனா நீ நம்பப் போறதில்ல."

"நம்பல அண்ணாச்சி" என்றாள் ஷெர்லின். பொய் சொல்ல வரவில்லை. ஆனால் அண்ணாச்சி என்று வாயில் வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க இறங்கிப் போனார்.

மறுநாள் வகுப்பில் ஷெர்லின் உமாவிடம் நடந்ததை முழுக்கச் சொன்னாள். உமா கேட்டு முடித்து, "டாக்டர் பேப்பர் இருக்கா?" என்றாள். ஷெர்லின் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கித் திறந்து எடுத்துக் கொடுத்தாள். உமா தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சருக்கே ஊத வராது என்று விஷயம் பரவியதில் இரண்டு பேர் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மதிப்பெண் வந்தது. உமா தேறியிருந்தாள், ஆனால் ஷெர்லின் எதிர்பார்த்ததைவிடப் பதினொன்று குறைவு. பழைய கோபத்தை இவள் தலையில் இறக்கிவிட்டார் என்று உடனே தோன்றியது. மறுமதிப்பீடு கேட்டு எழுதவே உட்கார்ந்துவிட்டாள். தேர்வாளர் குறிப்பில், இரண்டாம் பாடலில் பதினாறாம் தாளக்கட்டத்திலிருந்து தாளம் முந்துகிறது என்று இருந்தது.

"அதை வாசிங்க" என்றாள்.

உமா வாசித்தாள். ஷெர்லின் இந்தத் தடவை தாளம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவர் கடிகாரத்தின் நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் தாளக்கட்டத்தில் உமா ஓட ஆரம்பித்தாள். சந்தேகமே இல்லை. இத்தனை நாள் விரலால் தாளம் போட்டு அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது ஷெர்லினுடைய கைதான்.

"மார்க் சரிதான். இது உங்க தப்பில்ல, என் தப்பு" என்றாள். "இனிமே நான் தாளம் போட மாட்டேன். பதினஞ்சிலிருந்து எடுங்க."