மல்லிகா கடையின் முதல் கிண்ணம்

பேய், ஆவி எதையும் நம்பாதவள் நான். நூறு நாள் வேலையில் எண்பது பேரை வெயிலில் நிறுத்தி வேலை வாங்குகிறவள். என்னைப் பார்த்தால் பேய்தான் வேறு பாதையில் போகும் என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

உத்திரமேரூர் பக்கம் வருகிறவர்கள் எல்லாம் பர்மா காலனியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் தெரு அது. நூடுல்ஸைப் பிசைந்து தருகிற அத்தோ என்றால் முனைக்கடைக்குப் போங்கள். மொறுமொறு பேஜோ வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி பக்கத்துத் தள்ளுவண்டி. மற்றவன் எல்லாம் நேற்றைய எண்ணெயில் பொரிப்பான். வாழைத்தண்டுக் குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தருகிற மொய்ங்காவுக்குக் கடைசிக் கடைதான். ஆனால் அங்கே பெஞ்சின் ஓரத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

என் மகள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அந்தக் கடைசிக் கடைக்காரியின் மகன் செந்திலைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தட்டு கழுவவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன், கேட்கவில்லை. சரி, நானே போய்த் தின்று, குறை சொல்லி, நாலு பேர் முன்னால் நாற அடித்து, சம்பந்தம் பேச அவர்களே கூசுகிற மாதிரி செய்துவிடலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன். மணி சாயங்காலம் ஐந்து. நல்ல வெயில். இருட்டும் இல்லை, நாய் ஊளையும் இல்லை.

கடைக்காரி அப்போதுதான் அண்டாவைத் திறந்து, முதல் கிண்ணத்தை மொண்டு, அவித்த முட்டை ஒன்றைப் போட்டு, பெஞ்சு ஓரத்தில் வைத்தாள். நான் நேராகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

"யக்கா, அங்க குந்தாத. அது எங்க அத்தைக்கு வெச்சது."

"எங்க உங்க அத்த?"

"செத்துப் பூட்டாங்க. ஆறு வருசம் ஆவுது. அவங்களுக்கு வெச்சிட்டுதான் யாவாரம்."

"செத்தவளுக்கு இன்னாத்துக்கு முட்டை?" என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன். பின்னால் பூண்டு வறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், செத்துப்போன அந்த மாமியாரின் தம்பியாம், "ஐயோ" என்றார்.

சொன்னால் வெட்கம், அவ்வளவு ருசி. அந்த ருசியிலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. இருந்தாலும் வந்த காரியத்தை விடுவேனா, "கழுநீர் மாதிரி கீது" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், வந்தது வேறு.

"மல்லிகா, மாவ வறுக்காம கரைச்சிருக்க. எத்தினி வாட்டி சொல்றது?"

என் வாய்தான். குரலும் என்னுடையதுதான், ஆனால் கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி கனமாக இருந்தது. நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. அவள் பெயர் மல்லிகா என்று அதுவரை எனக்குத் தெரியாது. மொய்ங்காவில் மாவு கரைத்து விடுவார்கள் என்பதே தெரியாது.

மல்லிகாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "நேரமில்லைங்கத்த... இன்னிக்கு ஒரு நாள்தான்..."

"நேத்தும் வறுக்கல. பொய் சொல்லாத."

சாப்பிடக் காத்திருந்த நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். நான் வாயைக் கையால் பொத்தினேன். கைக்கு நடுவிலிருந்தே பேசுகிறது!

"செந்திலு சொல்ற பொண்ணையே கட்டி வையி. தை மாசம் முடி. அந்தப் பொண்ணுகிட்ட கரண்டிய குடுக்காத, தட்டு கழுவ வுடாத. அது ஆஸ்பத்திரி வேலைக்கே போவட்டும். மீறினா கடையில அடுப்பு எரியாது."

"சரிங்கத்த, சரிங்கத்த" என்று மல்லிகா என் காலில் விழுந்தாள். கிழவர் பூண்டைக் கருகவிட்டு அழுதுகொண்டிருந்தார். நான் எழுந்து ஓடினேன். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன்.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எம்மா, இன்னா நடிப்பு! ஒத்துக்கறேன்னு நேராவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நான் சொல்லலடி! என் வாயி சொல்லிச்சி!"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தாள். வீம்பை விடாமல் இறங்கி வர நான் போட்ட நாடகம் என்று இன்றைக்கும் நினைக்கிறாள்.

நிச்சயதார்த்தத்துக்கு, எல்லார் முன்னாலும் மறுத்துவிடுவது என்றுதான் போனேன். "பொண்ணோட அம்மாவுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்கள். மல்லிகாவைப் பார்த்தேன். என் மகள் எடுக்கப்போன டிபன் எச்சில் இலையைப் பிடுங்கி, "நீ கை வெக்காத, குந்து" என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். "சம்மதம்" என்றேன். இதை நானாகத்தான் சொன்னேன். எவள் குரலும் இல்லை, என் குரல்.

எல்லாம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கிழவர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். என் முன்னால் வைத்துவிட்டு, உட்காராமல் மரியாதையாக நின்றார்.

"யக்கா, எடது முட்டி வலி இன்னும் வுடலையா?"

அவருக்கு எழுபத்தெட்டு வயது. எனக்கு ஐம்பத்திரண்டு. கடையிலிருந்து ஓடி வந்த அன்றிலிருந்து என் இடது முட்டி வலிக்கிறது. ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை.