ஒரே ஓட்டத்துக்கான ஸ்பிரிட்

வெள்ளிக்கிழமை காலையில் செல்லம்மாள் தன் தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன் எஞ்சினுக்கு வைத்துவிடுகிறாள். ஆமணக்கெண்ணெய்தான், இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணம். மாட்டுக்கொட்டகை மூலையில் மரச்சட்டத்தில் மாட்டியிருக்கும் எஞ்சினின் சாக்கை விலக்கி, பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே உள்ள கனத்த சக்கரத்தை உள்ளங்கையால் மெள்ளச் சுற்றுகிறாள். உள்ளே பிஸ்டன் வழுக்கி நகரும் சத்தம் கேட்டதும், “ம், எறங்கிருச்சு” என்பாள். மீதி எண்ணெய் அவள் தலைக்கு.

ஏரியூரில் அவளுக்குத் தொழிலும் எண்ணெய்தான். ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை அகப்பையால் வழித்தெடுத்து, சடசடப்பு அடங்கும்வரை மறுபடி காய்ச்சுவாள். குழந்தைக்கு வயிறு கட்டினாலும் வண்டி அச்சு கிறீச்சிட்டாலும் அவள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். நாற்பதை நெருங்குகிறாள். காய்ந்த சோளத்தட்டை மாதிரி உடம்பு. பென்னாகரம் பஸ்ஸில் ஏறினால் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். சண்டைக்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயு அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த பஸ் மேட்டில் முக்கும்போது கண்டக்டரிடம், “இது போவுதா, நிக்குதா? எறங்கி நடந்தா நான் முன்னாடி போயிருவேன்” என்பாள். பஸ்ஸே சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள்.

வேகம் என்றால் என்னவென்று ஒரே ஒரு முறை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மேட்டூரில் அணை கட்டியபின் தேங்கிய தண்ணீர் நாகமரை வரைக்கும் ஏறி வந்தது. அணை வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்ஜினீயர் ஒருவர், வேலை முடிந்தும் போகாமல் அந்தத் தண்ணீரின் கரையில் கூடாரம் போட்டிருந்தார். படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டும் பந்தய எஞ்சின் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு மெதுவாக ஓடத் தெரியாது. மெதுவாக ஓட்டினால் அணைந்துவிடும். பெட்ரோல் குடிக்காது, ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். செல்லம்மாளின் புருஷன் சென்றாயன் அந்தத் துரையிடம் ஃபிட்டர். எண்ணெய் இவள் வீட்டிலிருந்து போயிற்று.

தண்ணீரில் இரண்டு பர்லாங் இடைவெளிவிட்டு இரண்டு கம்பங்கள் நட்டிருந்தார்கள். துரை படகில் மண்டியிட்டு அவற்றுக்கு நடுவே பாய்வார். பரிசல் ஓட்டும் சென்னப்பன் கரையில் நின்று, ராகி அளக்கிற மாதிரி, ஒன்றுக்குப் பதில் லாபம் வைத்து, ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று ஒரே சீராக எண்ணுவான். துரையிடம் கடிகாரம் இருந்தாலும் ஊருக்குச் சென்னப்பன் கணக்குத்தான் கணக்கு. எண்ணிக்கை எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகம்; துரையின் மிகச் சிறந்த ஓட்டம் பதினெட்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் துரை சண்டைக்குப் போய்விட்டார். போகும்போது படகையும் எஞ்சினையும் இரண்டு டின் ஸ்பிரிட்டையும் சென்றாயனிடமே விட்டுப்போனார். மறுவாரமே சென்றாயன் படகில் ஏறினான். அப்போது அவன் ஆள் பெரிய ஆள். கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். எஞ்சின் அலறியது, தண்ணீர் கொதித்தது, படகு மட்டும் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு எருமை மாதிரி நீந்தியது. தண்ணீரைவிட்டு எழும்பவே இல்லை. பாதி டின் தீரும்வரை முயன்றுவிட்டு, கரையில் வந்து உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“நான் ஒக்காந்து பாக்கட்டுங்களா?” என்று செல்லம்மாள் கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அவனுடைய காக்கிச் சட்டையை மாட்டி, சேலையைக் கச்சம் வைத்துக் கட்டி மண்டியிட்டாள். அவன் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்தான். அதன்பின் நடந்ததைச் சொல்லச் சொன்னால் அவள் திணறுகிறாள். “மொதல்ல தண்ணி அடிச்சுதுங்க, பலகமேல சம்மட்டியால அடிக்கற மாதிரி. அப்பறம் திடீர்னு ஒண்ணுமே அடிக்கல. தண்ணி என்னையும் படகையும் வுட்டுருச்சு.” அவ்வளவுதான் வரும். கம்பங்களைத் தாண்டித் திரும்பி வந்தபோது முதல் டின் தீர்ந்திருந்தது. கரையில் சென்னப்பன் வாயைப் பிளந்து நின்றான். எண்ண மறந்துபோயிருந்தான்.

அதனால் அவள் ஓட்டத்துக்குக் கணக்கு இல்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சென்றாயன் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து பர்மா பக்கம் போனான். மிச்சமிருந்த ஒரு டின்னைச் செல்லம்மாள் கொட்டகைத் தரையில் குழி தோண்டிப் புதைத்தாள். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். வாசனை பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். குடிப்பதற்குக் கேட்டவனிடம், “குடிச்சா கண்ணு அவிஞ்சிரும், பரவால்லையா?” என்றாள். அடுப்புக்குக் கேட்டவர்களிடம், “அது அவரு வந்து ஓட்டறதுக்கு” என்றாள். மனசுக்குள் அது அப்படி இல்லை. உலக்கை போடும்போதும், அடுப்பெதிரே குந்தியிருக்கும்போதும், படகில் மண்டியிட்டிருப்பது அவள்தான். புருஷன் வரவேண்டும், எஞ்சினை முடுக்கித் தரவேண்டும். இந்த முறை சென்னப்பன் எண்ணவேண்டும்.

நாற்பத்தாறு புரட்டாசியில் அவன் வந்தான். மலைக்காய்ச்சல் தின்று துப்பிய உடம்பு. வாசலில் நின்றபோது பின்னால் கதவு முழுக்க வெளிச்சம் தெரிந்தது. காக்கிச் சட்டை ஆணியில் தொங்குவதுபோல் தோளில் தொங்கியது. செல்லம்மாளுக்கு முதலில் தோன்றியது ஒரே நினைப்பு: இப்போது படகு இவரைத் தூக்கும். அந்த நினைப்புக்காகத் தன்னையே வைதுகொண்டு, அவன் பையை வாங்கி உள்ளே வைத்து, கஞ்சி கரைத்தாள்.

உடம்பு தேறியதும் அவனாகவே கொட்டகைக்குப் போனான். எஞ்சின் துருப் பிடிக்காமல் இருந்ததைப் பார்த்து, சக்கரத்தை உள்ளங்கையால் ஒரு சுற்றுச் சுற்றினான். “என்னையவிட இதத்தான் நல்லா பாத்துக்கிட்ட” என்றான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டியை நிரப்பி, எஞ்சினின் கால் அதில் முழுகும்படி மாட்டி, இருவரும் முடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஸ்பிரிட் செலவாகும். செலவாகும் ஒவ்வொரு சொட்டும் ஓட்டத்திலிருந்து குறையும். ஆகவே கொஞ்சம் ஊற்றி, கொஞ்சம் அலறவிட்டு, அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கருப்பாக இருந்தால் ஸ்பிரிட் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்டன் கருகிவிடும். வறுத்த ராகி நிறம் வரவேண்டும். அவன் கை நடுங்கியதால் ஸ்பிரிட் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை அவள் திருப்பினாள்.

“இன்னும் துளி மூடு புள்ள.”

“மூடிட்டனுங்க.”

“அது துளியா? மயிரளவு தொற.”

மூன்றாம் நாள் பிளக் ராகி நிறத்தில் வந்தது. கொட்டகை முழுக்க எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசனை. டின்னில் மிச்சம் ஒரே ஓட்டத்துக்குத்தான். “நீதான் ஓட்டற” என்றான் சென்றாயன். “எனக்குக் கை நிக்கல.” அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டு, ஓட்டும்போது மாட்டிக்கொள்ளக் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

மறுநாள் காலை நாகமரைக் கரையில் ஊரே கூடியிருந்தது. தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. படகை இறக்கிக்கொண்டிருந்தபோது சென்றாயன் பேச்சுவாக்கில்தான் சொன்னான்: “காச்சல்ல கெடந்தனே, அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில. தெனமும் இதத்தான் ஓட்டுவேன் புள்ள. நல்லா வரும். மொதக் கம்பத்தைத் தாண்டறதுக்குள்ள முழிப்பு வந்துரும்.” சொல்லிவிட்டு எஞ்சினின் திருகுகளை இறுக்கப் போய்விட்டான்.

செல்லம்மாள் கச்சத்தைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், கம்பங்களைப் பார்த்தாள். குனிந்திருந்த அவன் கழுத்தெலும்பைப் பார்த்தாள்.

“என்னங்க, எனக்கு வயித்த வலிக்குது. நீங்க போங்க.”

அவன் திருகை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “நெசமாவா?” என்றான்.

“நெசந்தாங்க. வெயில் ஏறுது, போங்க.”

அவள்தான் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. கரையில் நின்ற மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. படகு தண்ணீரை நாலு முறை அடித்தது, ஐந்தாம் முறை அடிக்கவில்லை. அடியில் வெளிச்சம் தெரிய எழும்பிப் போனது. சென்னப்பன் இந்த முறை மறக்காமல், தொண்டை நரம்பு புடைக்க எண்ணினான். இரண்டாம் கம்பத்தில், “பதினேழு!” என்று கத்தினான்.

அதற்கு அப்பால் ஸ்பிரிட் தீர்ந்து எஞ்சின் நின்றது. சென்னப்பன் பரிசலில் போய்ப் படகை இழுத்து வந்தான். சென்றாயன் முகமெல்லாம் எண்ணெய்ப் புள்ளி. கரையேறியதும் மணலில் உட்கார்ந்து, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாதபடி, “தூக்கிருச்சு புள்ள, என்னைத் தூக்கிருச்சு!” என்றான்.

“பாத்தனுங்க” என்று அவள் துண்டை நீட்டினாள். கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. பதினேழு, பதினேழு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

செல்லம்மாள் தண்ணீரில் இறங்கினாள். கணுக்கால் ஆழத்தில் தரைதட்டி நின்ற படகில் ஏறி, சேலையை ஒதுக்கி மண்டியிட்டாள். சூடு ஆறாத எஞ்சின் பின்னால் இருந்தது. பிடியில் கையை வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, காற்று எதிர்த்து அடிப்பதைப்போலக் கண்களை இடுக்கிக்கொண்டாள்.