பிரேக் மாற்றிய லோரி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரமாகப் பிழை திருத்தியும் திரையில் எதுவும் மாறவில்லையே என்று முதலாளி வேலையை நிறுத்தப் பார்த்தார். இது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, வெளியே தெரியாது என்றேன்.

"நான் வீடா கட்டுறேன்? லோரிலா ஓட்டுறேன்."

சாவி வாங்க வந்திருந்த நரைமீசை டிரைவர், எப்போதும் போலத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"பாஸ், போன வாரம் பிரேக் மாத்துனீங்க. லோரி பாக்க அதே மாதிரிதான் இருக்கு. மலையில எறங்குறப்ப எனக்குத் தெரியுதுலா."

முதலாளி அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி, செஞ்சு முடிங்க தங்கச்சி."

வாசலில் டிரைவரிடம், "ரொம்ப நன்றிண்ணே" என்றேன்.

"பிரேக் புடிக்காத லோரிய ஒருக்கா ஓட்டியிருக்கேம்மா" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

என்ன நடந்தது என்று கேட்பதற்குள் லோரி கிளம்பிவிட்டது. இன்றும் வாடிக்கையாளர்களிடம் பிரேக் மாற்றியது பற்றி அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.